துரை இருக்கிற இடம்

அந்தமான்,
8 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் மாலா எழுதுவது. நானும் துரையும் நலமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால், "எனக்கென்னட்டி, நல்லாத்தான் இருக்கேன்" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. வலியைப் பற்றித் தனியாகப் பதில் எழுத வேண்டும்.

இந்தத் தீவில் போன் எடுப்பதில்லை. போர்ட் பிளேரிலிருந்து அரிசியும் காய்கறியும் குடிதண்ணீரும் கொண்டுவரும் படகு வாரத்துக்கு ஒரு தடவை வந்து திரும்பும். அதில் கடிதத்தைக் கொடுத்துவிட்டால் அங்கே தபாலில் சேர்த்துவிடுவார்கள். எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. நீங்களும் கடிதம் என்றால் நாலு தடவை படிப்பீர்கள்.

நாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்று எதிர்வீட்டு மைமூனம்மாள் கேட்டார்களாமே. சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து மூழ்கிய ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்று இங்கே கடலடியில் சாய்ந்து கிடக்கிறது. நாங்கள் அதைத் தூக்கப்போவதில்லை. டேப் பிடித்து அளக்கிறோம். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுக்கிறோம். எங்கே பீரங்கி, எங்கே புகைபோக்கி, எந்த இடம் துருப்பிடித்து இற்றுப்போகிறது என்று படம் வரைகிறோம். ஒரு ஆணியைக்கூட எடுக்கக் கூடாது. அந்தக் கப்பலோடு போன மாலுமிகள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். அதனால் அதைக் கல்லறையாகத்தான் எல்லோரும் மதிக்கிறோம்.

அங்கே ஒரு தேநீர்க் கெண்டி கிடக்கிறது. அதற்குள் கொழுத்த மீன் ஒன்று குடியிருக்கிறது. நாங்கள் பக்கத்தில் போனால் முறைக்கும். துரை அதற்குச் செல்லப்பா மாமா என்று பெயர் வைத்திருக்கிறார். உங்கள் தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள்.

படகில் இருந்துகொண்டு கயிறும் சிலிண்டரும் பார்த்துக்கொள்கிறவர் வேல்சாமி, தூத்துக்குடிக்காரர். அவரும் டைவர்தான். அவரும் துரையும் சேர்ந்தால் நாள் முழுக்க "ஏலே", "வே"தான். எங்கள் குழுவில் இருக்கிற மற்றவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. எனக்கு மட்டும் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

என் அம்மா ராயகிரியிலிருந்து உங்களைப் பார்க்க வந்தபோது கொடுத்த எள்ளுருண்டையை நீங்கள் சாப்பிடாமல் எங்களுக்காக எடுத்து வைத்திருப்பதாகக் கேள்வி. தயவுசெய்து சாப்பிட்டுவிடுங்கள்.

அன்புடன்,
மாலா

எம்மா, எல்லாத்தையும் இவளே எழுதிட்டா, எனக்கு இடமே வைக்கல. மீனாத் தின்னு அலுத்துப் போச்சு. நீ வைக்கிற புளிக்கொழம்புக்கு நாக்கு ஏங்குது. பொங்கலுக்கு வர முடியாது, ஏசாத. பங்குனியில கட்டாயம் வாரேன். – துரை

•

சங்கரன்கோவில்,
21 டிசம்பர் 2024

அன்பு மகள் மாலாவுக்கும் துரைக்கும்,

அம்மா எழுதுகிறேன். கடிதம் கிடைத்தது. நான் நாலு தடவை படித்தேன், மைமூனம்மாள் ஒரு தடவை படித்தாள். முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது. எத்தனை வருஷம் சத்துணவுக் கூடத்தில் நின்றே கழித்த கால், வலிக்காமல் என்ன செய்யும். பதில் எழுதிவிட்டேன், போதுமா?

துரை நாலு வரிதான் எழுதியிருக்கிறான். அதிலும் பாதி சாப்பாடு. பொங்கலுக்கு வர முடியாது என்பதை எவ்வளவு சுளுவாக எழுதிவிட்டான். அவன் அப்பா போனபிறகு நானும் இவனும் இல்லாமல் ஒரு பொங்கல் இந்த வீட்டில் நடந்ததில்லை. சரி, வேலை என்றால் வேலைதான். நான் ஏசவில்லை. செல்லப்பாவை வரச்சொல்லிப் பானையை ஏற்றிக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டில் இரண்டு விசைத்தறி புதிதாகப் போட்டிருக்கிறார்கள். சத்தம் இன்னும் கூடிவிட்டது. கரண்ட் போனால்தான் எனக்கு டிவி கேட்கும், ஆனால் கரண்ட் போனால் டிவி ஓடாது. இதை மைமூனம்மாளிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவள் மகன் கத்தாரிலிருந்து வருகிறான். வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறாள்.

மாலா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ படித்தவள், உனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அத்தனை பேர் செத்துக் கிடக்கிற இடத்துக்குள் போவானேன்? வெளியே நின்று அளக்க முடிந்ததை அளந்துவிட்டு வாருங்கள். துரை சின்ன வயதிலேயே கிணற்றைக் கண்டால் நிற்கமாட்டான். மோட்டார் குழாய்க்குப் பக்கத்தில் முங்கி, நான் மேலே நின்று கத்திக் கத்தித் தொண்டை போன பிறகு தலையைக் காட்டுவான். "எம்மா, அடியில கொள்ளக் குளிர்ச்சி" என்பான். அவனை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் சொன்னால் சிரிப்பான், நீ சொன்னால் கேட்பான்.

கோமதி அம்மன் கோவில் புற்றுமண் கொஞ்சம் மடித்து வைத்திருக்கிறேன். தண்ணீரில் இறங்குமுன் இரண்டு பேரும் நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பட்டால் போய்விடும் என்று துரை கேலி பேசுவான். போனால் போகட்டும். இட்டுக்கொண்டு இறங்கச் சொல்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா

•

போர்ட் பிளேர்,
4 பிப்ரவரி 2025

அத்தை,

எத்தனை தடவை போன் செய்தாலும் நீங்கள் எடுக்கவில்லை. செல்லப்பா மாமா எடுத்து, "அக்கா பேச மாட்டேங்கா தாயி, கொஞ்ச நாள் விடு" என்கிறார். மாமா இங்கே வந்து இருந்து, கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவர் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். ஆனாலும் அன்று என்ன நடந்தது என்பதை நான்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். வாயால் முடியவில்லை. எழுதுகிறேன்.

பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை. கடல் அமைதியாக இருந்தது. நானும் துரையும் இறங்கினோம். கப்பலின் நடுப்பகுதியில் பக்கவாட்டுத் தகடு ஒன்று கதவு மாதிரி வெளியே சாய்ந்து நிற்கும். அதன் அருகில் டேப்பைப் பிடித்துக்கொள்வது துரையின் வேலை. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் நீந்திப் போனேன். அவர் உள்ளே போகவில்லை அத்தை. நீங்கள் சொன்னபடியே வெளியேதான் நின்றார். புற்றுமண்ணும் இட்டிருந்தார்.

டேப் சட்டென்று என் கையிலிருந்து இழுபட்டது. திரும்பினேன். அந்த இடம் முழுக்கச் சேறு கலங்கி ஒன்றும் தெரியவில்லை. தடவித் தடவிப் போனேன். தகடு சரிந்து அவருடைய இரண்டு கால்களும் இடுப்பு வரை அதன் அடியில் மாட்டிக்கொண்டிருந்தன. உயிரோடு இருந்தார். என்னைப் பார்த்தார். தகட்டை நகர்த்த என்னால் முடிந்ததெல்லாம் செய்து பார்த்தேன். அது அசையவே இல்லை. அவருடைய சிலிண்டரின் குழாய் அறுந்திருந்தது. என்னுடைய சிலிண்டரிலிருந்து இரண்டு பேரும் மாற்றி மாற்றி மூச்சு விட்டோம்.

காற்று தீர்ந்துகொண்டே வந்தது. துரை என்னை மேலே போகச் சொல்லிக் கை காட்டினார். நான் மேலே வந்தேன்.

ஆட்களோடு திரும்ப இறங்கியபோது, மேலே இருந்த சுவர் முழுவதும் அந்த இடத்தில் சரிந்து மூடிவிட்டிருந்தது. அதன்பிறகு மீட்புக் குழு இரண்டு தடவை இறங்கியது. முதல் தடவை ஒருவருக்குக் கை நசுங்கியது. இரண்டாவது தடவை அவர்கள் வெட்ட ஆரம்பித்ததும் கப்பலே அசைந்தது. மேலே வந்துவிட்டார்கள். துரை அங்கேயேதான் இருக்கிறார்.

சங்கரன்கோவிலுக்கு வந்து உங்கள் காலடியில் விழ வேண்டும் என்று தோன்றுகிறது. அவரை இங்கே விட்டுவிட்டு எப்படி வருவது என்றும் தெரியவில்லை. நான் எங்கே இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் அத்தை.

மாலா

•

சங்கரன்கோவில்,
15 பிப்ரவரி 2025

மாலாவுக்கு,

கடிதம் வந்தது.

"நான் மேலே வந்தேன்" என்று எழுதியிருக்கிறாய். மூன்று சொல். அதை எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அவன் போகச் சொன்னானாம், நீ வந்தாயாம். அவன் சொல்லத்தான் செய்வான். சாப்பாடு ஒரு ஆளுக்குத்தான் இருக்கிறது என்றால், "எனக்குப் பசிக்கலம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற பிள்ளை அவன். அவன் சொன்னால் நீ வந்துவிடுவதா?

உன்னை நம்பி விட்டேன். அவனைப் பார்த்துக்கொள் என்று உனக்குத்தான் எழுதினேன்.

உன் அம்மாவும் அப்பாவும் ராயகிரியிலிருந்து வந்தார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கையை உருவிக்கொண்டேன். அவளுக்குப் பிள்ளை இருக்கிறது. எனக்கு இல்லை.

நீ எங்கே இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்காதே. என் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று கேள். இங்கே இருக்க வேண்டும். அவன் அப்பாவைக் கொண்டுபோன பாதையில் அவனையும் கொண்டுபோக வேண்டும். அவனைக் கொண்டுவா. கொண்டுவர முடியாது என்றால் எனக்குக் கடிதம் எழுதாதே.

முப்பிடாதியம்மாள்

•

போர்ட் பிளேர்,
1 மார்ச் 2025

அத்தை,

எழுதாதே என்றீர்கள். எழுதியே ஆக வேண்டிய காரியம் வந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நேற்று அதிகாரிகள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். அந்தத் தகடுகளை வெட்டினால் கப்பலின் நடுப்பகுதி மொத்தமாக உட்கார்ந்துவிடும், உள்ளே இருக்கிற டைவர்கள் தப்ப வழியில்லை என்கிறார்கள். அதனால் துரையை அங்கேயே இருக்கவிட்டுவிடலாம், அந்த இடத்தில் யாரும் இறங்காதபடி உத்தரவு போட்டுவிடுகிறோம் என்கிறார்கள். அதற்கு மனைவியும் தாயும் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். இருவரில் ஒருவர் மறுத்தாலும் மறுபடி யோசிப்பார்களாம்.

என் மனதில் இருப்பதை மறைக்காமல் சொல்கிறேன். அவர் அங்கேயே இருக்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரைத் தேடி இறங்கிய அந்த மனிதரின் கையை நான் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். அவர் அம்மா கேரளத்திலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டம்ளரில் எனக்கும் சாயா ஊற்றிக் கொடுத்தார்.

அந்தக் கப்பலில் எண்பது வருஷமாக எத்தனையோ பேருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் வெளியே எடுக்கவில்லை. கடலே அவர்களுக்கு மண் என்று அவர்களுடைய நாடும் குடும்பங்களும் விட்டிருக்கின்றன. துரையும் அவர்களோடு அமைதியாக இருக்கட்டும் அத்தை. அவர் அந்த இடத்தைப் பார்த்துப் பயந்ததே இல்லை. இறங்கும்போதெல்லாம் மார்பில் கை வைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

நான் இரவில் படுப்பது கடலைப் பார்த்த அறையில். ஜன்னலைச் சாத்த முடியவில்லை, திறந்து வைக்கவும் முடியவில்லை. நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்று மைமூனம்மாளிடம் போனில் கேட்டேன். "ரெண்டு வாய் வைக்கா, எந்திரிச்சிருதா" என்றார்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். நீங்கள் சொல்லாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

மாலா

•

சங்கரன்கோவில்,
12 மார்ச் 2025

மாலாவுக்கு,

நான் சம்மதிக்கமாட்டேன்.

அந்தப் பிள்ளைகளை யாரும் எடுக்கவில்லை, நாடும் குடும்பமும் விட்டுவிட்டன என்று எழுதியிருக்கிறாய். அவர்களைப் பெற்றவர்கள் சும்மா இருந்தார்கள் என்று உனக்கு யார் சொன்னது? போர் நடக்கிற நேரத்தில் அந்தத் தாய்மார் எந்த வாசலில் போய் நின்றிருக்க முடியும்? பிள்ளை எந்தக் கடலில் கிடக்கிறான் என்றுகூட அவர்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். எனக்குத் தெரியும். எந்தக் கடல், எந்தக் கப்பல், கப்பலில் எந்த இடம், எல்லாம் நீயே எழுதியிருக்கிறாய். தெரிந்தும் நான் விட்டுவிடுவதா?

செல்லப்பா, "யக்கா, ஆத்தங்கரையில வச்சு காரியத்த முடிச்சிருவோம், எத்தன நாளைக்கு இப்படியே இருக்க" என்றான். சொந்தக்காரர்கள் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். நான் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பிள்ளை வந்து சேரவில்லை, அதற்குள் என்ன காரியம்?

நான் தென்காசிக்குப் போய்க் கலெக்டரிடம் மனு கொடுத்தேன். மைமூனம்மாளும் அவள் மகனும் கூட வந்தார்கள். என்னால் கொஞ்ச நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. அந்தப் பையன் எங்கிருந்தோ நாற்காலி கொண்டுவந்து போட்டான். கலெக்டர் பொறுமையாகக் கேட்டார். அங்கிருந்து டெல்லிக்கும் அந்தமானுக்கும் பேசியிருக்கிறார்கள். நேற்று எனக்கு ஆள் வந்து சொன்னது: தாயாரும் மனைவியும் கேட்டால், கடல் கெடுவதற்குள் இன்னும் ஒரே ஒரு தடவை முயற்சி செய்வார்களாம். கட்டாயப்படுத்தி யாரையும் இறக்கமாட்டார்கள், தானாக முன்வருகிற டைவர் இருந்தால் இறங்கலாம். நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இனி உன் கையெழுத்துத்தான் பாக்கி. அவன் மேல் உனக்குப் பிரியம் இருந்தது என்றால் போடு. நீ போடவில்லை என்றால், என் பிள்ளையை இரண்டாவது தடவையும் அங்கே விட்டுவிட்டு வந்தவள் நீ என்றுதான் நான் நினைப்பேன்.

முப்பிடாதியம்மாள்

•

போர்ட் பிளேர்,
22 மார்ச் 2025

அத்தை,

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சரி என்று தோன்றியதால் போடவில்லை. இங்கே துரையை விட்டாயிற்று, அங்கே உங்களையும் விட என்னால் முடியவில்லை. அதனால் போட்டேன்.

இறங்குவதாக வேல்சாமி பெயர் கொடுத்திருக்கிறார். வேறு யாரும் முன்வரவில்லை. நான் அவரை இறங்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேட்கவில்லை. "அக்கா, நீங்க இதுல தலையிடாதீக" என்று சொல்லிவிட்டார். ஏப்ரல் முதல் வாரத்தில் இறங்குவார்கள். நானும் படகில் இருப்பேன்.

அதற்கு முன் தன் வீட்டைப் பார்த்துவிட்டு வர அவருக்கு லீவு கொடுத்திருக்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து உங்களை வந்து பார்க்க வேண்டும் என்று என்னிடம் விலாசம் வாங்கிக்கொண்டு போனார். வந்தால் அவரிடம் கடுமையாக எதுவும் பேசிவிடாதீர்கள் அத்தை. எனக்காக இதை மட்டும் கேட்கிறேன். என்ன பேச வேண்டுமென்றாலும் என்னைப் பேசுங்கள். துரையை அவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். மனைவி பெயர் பார்வதி. கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை.

இங்கே காற்று திசை மாற ஆரம்பித்திருக்கிறது. கடலைப் பார்க்கும்போதெல்லாம் அன்று அமைதியாகத்தானே இருந்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.

மாலா

•

சங்கரன்கோவில்,
29 மார்ச் 2025

என் மகள் மாலாவுக்கு,

இந்தக் கடிதத்தைச் செல்லப்பாவிடம் கொடுத்து விமானத்தில் அனுப்புகிறேன். தபாலில் போட்டால் எப்போது வருமோ என்று பயம். விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேல்சாமி இறங்கப்போவதில்லை. யாரும் இறங்க வேண்டாம். நான் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நீயும் உன் கையெழுத்தைத் திரும்ப வாங்கிவிடு. துரை அங்கேயே இருக்கட்டும்.

போனிலேயே சொல்லலாமே என்று செல்லப்பா கேட்டான். முடியவில்லை. உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது.

வேல்சாமி வியாழக்கிழமை மத்தியானம் வந்தான். கூடவே அந்தப் பெண் பார்வதி. என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "எம்மா, அண்ணனக் கொண்டாந்துருதேன். நீங்க தைரியமா இருங்க" என்றான். எனக்கு அவனைப் பார்க்க ஆசையாக இருந்தது. என் பிள்ளையைக் கொண்டுவரப் போகிறவன் அல்லவா. இலை போட்டு உட்காரவைத்தேன். துரை கேட்ட புளிக்குழம்பை அன்றைக்குத்தான் வைத்தேன். அவன் போனதிலிருந்து அந்தக் குழம்பை நான் வைத்ததில்லை.

வேல்சாமி சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அப்புறம் அவனே பேசினான்.

"எம்மா, நேரமாகியும் மேல வரலயேன்னு நான் போயி இறங்குனப்ப அண்ணன் உசுரோடதான் இருந்தாக. என் கையில ஒரு சிலிண்டர் கொண்டு போனேன். அத அண்ணனுக்கு மாட்டிவிட்டேன். அக்காவுக்குக் காத்து தீந்துபோச்சு. கண்ணு சொருகுது. ஆனா வர மாட்டேங்காக. தகட்ட ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாக. அண்ணன் என்னையப் பாத்து, அவளக் கொண்டு போன்னு கை காட்டுதாக. நான் அக்கா வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். என்னைய அடிக்காக, கடிக்க வாராக. இழுத்துட்டு வந்துட்டேன். வரும்போது அண்ணன்ட்ட, இந்தா வந்துருதேன்னு சைகை காட்டிட்டு வந்தேன். திரும்பப் போகையில எல்லாம் மூடிக் கிடந்துச்சு. வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்மா. அதான் போணும்ங்கேன்."

மாலா, நான் எழுந்து அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். பின்னாலேயே பார்வதி வந்தாள். வந்ததிலிருந்து வாய் திறக்காத பெண். என் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, நான் சொல்லிக் கேக்க மாட்டேங்காக. தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்துருதாக. நீங்க சொன்னா கேப்பாக" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அழக்கூட இல்லை. அந்த முகத்தை எங்கே பார்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். எங்கேயும் பார்த்ததில்லை. கலெக்டர் ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

நான் வெளியே வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முழங்காலை மடக்க முடியவில்லை, அவன்தான் கை கொடுத்தான். அவனிடம் சொன்னேன்: "ஏய்யா, நீ வாரேன்னுட்டு வந்த. சொன்ன மாதிரி திரும்பப் போயிப் பாத்துட்ட. உன் வாக்கு அன்னைக்கே முடிஞ்சுபோச்சு. இனி நீ அங்கன போகக் கூடாது. நான் பெத்த ரெண்டு பிள்ளையில ஒண்ணையாவது நீ கொண்டாந்து குடுத்தியே."

அவன் சோற்றுக் கையோடு என் தோளில் விழுந்து அழுதான். துரை இறந்ததிலிருந்து ஊரே அழுதது, எனக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை. அன்றைக்குத்தான் நானும் அழுதேன். மைமூனம்மாள் ஓடிவந்து, அவளும் உட்கார்ந்து அழுதாள். பக்கத்து வீட்டில் தறியை நிறுத்திவிட்டார்கள்.

நீ ஏன் எனக்கு இதை எழுதவில்லை? "நான் மேலே வந்தேன்" என்று மட்டும் எழுதிவிட்டுப் பழியை எல்லாம் நீயே சுமந்துகொண்டாய். வேல்சாமியின் பெயரைச் சொன்னால் நான் அவனைச் சபித்துவிடுவேன் என்று பயந்தாய். சபித்திருப்பேன். மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். என்னைச் சரியாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறாய். நான்தான் உன்னைத் தெரிந்துவைத்திருக்கவில்லை.

அடுத்த அமாவாசை அன்று காரியத்தைச் செய்துவிடலாம் என்று செல்லப்பாவிடம் சொல்லிவிட்டேன். நீ இல்லாமல் செய்யமாட்டேன். அன்றைக்கு முடியவில்லை என்றால் அதற்கடுத்த மாதம். உன் தாலியைப் பற்றி யாரும் வாய் திறக்க விடமாட்டேன். போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றால் போட்டுக்கொண்டிரு, கழற்ற வேண்டும் என்று தோன்றும்போது நீயே கழற்று. அந்தமானை விட்டு வர மனசில்லை என்றால், துரையிடம் போய்ச் சொல்லிவிட்டு வா. அம்மா கூப்பிடுகிறாள் என்று சொன்னால் அவன் அனுப்பிவைப்பான்.

ஆனால் ஒன்று. நான் உன்னிடம் நல்லவிதமாகவே நடந்துகொள்வேன் என்று சத்தியம் செய்யமாட்டேன். என் புத்தி எனக்குத் தெரியும். சில நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். ஏதாவது ஒரு சாதாரண விஷயத்துக்கு, குழம்பில் உப்புக் கூடியதற்கு, அன்றைக்கு நீ ஏன் மேலே வந்தாய் என்று கேட்டுவிடுவேன். கேட்டதும் நானே தனியாக உட்கார்ந்து அழுவேன். அதற்காக நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராயகிரிக்குப் போய்விடக் கூடாது.

நீ வந்து வாசலில் நிற்கும்போது என் கண் உன்னைத் தாண்டித்தான் பார்க்கும். பின்னால் அவன் வருகிறானா, ஆட்டோக்காரருக்குக் காசு கொடுத்துக்கொண்டு நிற்கிறானா என்று தேடும். அதைத் தடுக்க என்னால் முடியாது. அது பார்க்கிற மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீ உள்ளே வந்துவிடு.

உன் அம்மா,
முப்பிடாதி